எரிவது முடியல்ல

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பார்லர்களுக்கு மம்சாபுரம் மாதிரி சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். கல்யாணத்துக்கு முன் ஸ்ட்ரெய்ட்டனிங், ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் என்று ஏதாவது ஒன்று செய்துகொள்வது இன்று சாதாரணம். கிரீம் தடவிய சற்று நேரத்தில் தலை எரிகிறது என்று சொன்னால், "லேசா எரியத்தான் செய்யும்க்கா, மருந்து பிடிக்குது" என்ற சமாதானம் வரும். இதை நம்ப வேண்டியதில்லை. தோலைவிட்டு வெளியே வந்த முடியில் நரம்பு கிடையாது, உயிரும் கிடையாது. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. முடிக்குள் மருந்து எவ்வளவு பிடித்தாலும் நமக்குத் தெரிய வழியே இல்லை. எரிச்சல் தெரிகிறதென்றால் மருந்து தோலில் இறங்கத் தொடங்கிவிட்டது என்றுதான் பொருள்.

இந்தக் கிரீம்களின் ரசாயனம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தயாராகும் பேண்டேஜ் துணி, ஈரம் உறிஞ்சுவதற்காக காஸ்டிக் சோடாவில் வேகவைத்து வெளுக்கப்படுகிறது. பருத்தி அதைத் தாங்கும். கம்பளியைச் சூடான காஸ்டிக் சோடாவில் போட்டால் கரைந்தே போகும், ஏனென்றால் கம்பளி புரதம். நம் முடியும் கெரட்டின் எனும் அதே வகைப் புரதம்தான். கடும் சுருள்முடிக்கான 'ரிலாக்ஸர்' கிரீம்களில் இந்தக் காஸ்டிக் சோடாவே இருக்கிறது. அதன் காரத்தன்மை பி.எச். அளவில் 12-க்கு மேல். தலைத்தோல் இருப்பதோ 5.5-ஐ ஒட்டி. நம்மூர் ரீபாண்டிங்கில் பெரும்பாலும் பயன்படும் தயோகிளைக்கோலேட் 9-ஐச் சுற்றியது, அவ்வளவு மூர்க்கமில்லை. ஆனால் இரண்டும் செய்வது முடியின் கந்தகப் பிணைப்புகளை உடைப்பதைத்தான். தோலின் மேலடுக்கும் கெரட்டினால் ஆனதுதான். முடி எது, தோல் எது என்று கிரீம் பிரித்துப் பார்ப்பதில்லை.

பாதியில் கழுவினால் காசும் போச்சு, முடியும் அரைகுறையாக நிற்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அரைகுறை முடி வளர்ந்து மாறும். தோல் ஆழமாக வெந்து தழும்பாகிவிட்டால் அங்கே முடி திரும்ப முளைப்பதில்லை. 'காஸ்டிக் இல்லாதது', 'ஃபார்மலின் இல்லாதது' என்று டப்பாவில் போட்டிருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. காஸ்டிக் சோடா இல்லாத ரிலாக்ஸரில் இருக்கும் குவானிடின் ஹைட்ராக்சைடும் கடும் காரமே. ஃபார்மலினுக்குப் பதிலாக வந்த கிளையாக்சிலிக் அமிலத்தின் கதை இன்னும் மோசம். 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 என மூன்று முறை ஸ்ட்ரெய்ட்டனிங் செய்தபின் ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை பிரெஞ்சு மருத்துவர்கள் 2024-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். கிரீம் தடவும்போது அவருக்குத் தலை எரிந்திருக்கிறது, புண்ணும் வந்திருக்கிறது. எரிச்சலைக் கேட்டிருந்தால் மூன்றாம் முறை நேர்ந்திருக்காது என்பது என் கணிப்பு. அதற்காக எரியவில்லை என்றால் ஆபத்தே இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபார்மலின் கலந்த கெரட்டின் சிகிச்சையில் அயர்ன் சூட்டில் கிளம்பும் ஃபார்மால்டிஹைடு ஆவி, தலையில் எரிச்சலே இல்லாமல் மூச்சுக்குள் போகும்.

எனவே எரிச்சல் தொடங்கிய உடனே, கடிகாரம் பார்க்காமல், கழுவச் சொல்ல வேண்டும். வெந்நீர் வேண்டாம்; சாதாரண ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது, கண்ணில் வழியாதபடி தலையைப் பின்னால் சாய்த்து அலச வேண்டும். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சையோ வினிகரோ ஊற்றுவது வெந்த தோலுக்கு இரண்டாவது அடி. மஞ்சள், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். புண் ஆறும்வரை அயர்னும் டையும் தள்ளியே இருக்கட்டும். முன்கூட்டியே செய்யக்கூடியதும் உண்டு: ஓரிரு நாள் முன்பிருந்தே தலையைச் சொறியாமல், ஷாம்பு போட்டுத் தேய்க்காமல் இருப்பது, காதோரமும் நெற்றியோரமும் வாஸ்லின் பூசுவது, கிரீமை வேரிலிருந்து சற்றுத் தள்ளித் தடவச் சொல்வது. பொடுகுப் புண்ணோ பேன் கடியைச் சொறிந்த கீறலோ இருந்தால் அன்றைக்கு வேண்டாம் என்று திரும்பிவிடலாம். கொப்புளம், நீர் வடிதல், காய்ச்சல், முகவீக்கம் என்று வந்தால் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். வாந்தி வந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ அன்றே அரசு மருத்துவமனைக்கு. போகும்போது கிரீம் டப்பாவின் பின்பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பார்லர்காரர் தயங்கினாலும் கேட்டு வாங்குங்கள். என்ன தடவினார்கள் என்பதுதான் மருத்துவர் முதலில் கேட்கப்போகும் கேள்வி.