ஆப்பிள் பாகம்

நம் நாட்டிலே ஆப்பிள் என்றவுடன் பலர்க்கும் நினைவில் வருவது நோயாளியின் கட்டிலருகே வைக்கப்படும் கனியே. அதனை நறுக்கிப் பச்சையாக உண்பதன்றி, அடுப்பிலேற்றிச் சமைப்பது நம்மவர்க்குப் பெரும்பாலும் பழக்கமன்று. ஆங்கில நாட்டிலோ, பச்சையாக உண்ணுதற்கு ஒரு வகையும், சமைத்தற்கென்றே மற்றொரு வகையுமாக ஆப்பிள்கள் இரு குலமாகப் பிரிந்து நிற்கின்றன. பின்னதைக் கடித்துப் பார்த்தவர் முகஞ் சுளிப்பர். அக்கனியே அடுப்பினின்று இறங்கிய பின்னர் அவரே இன்னுஞ் சிறிது வேண்டுமென்பர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது, இலையுதிர்காலத்தில் ஒருங்கே வந்து குவியும் அக்கனிகளை அந்நாட்டு இல்லத்தார் எவ்வெம்முறையிற் பக்குவஞ் செய்கின்றனர், ஒவ்வொரு முறைக்கும் அடிப்படையான நியாயம் என்ன என்பவற்றை இக்கட்டுரையின்கண் சுருக்கமாக ஆராய்வோம்.

முதற்கண் அக்கனியின் வரலாறு சிறிது அறியத்தக்கது. ஆங்கில வேதாகமத்தில் உன்னதப்பாட்டிலே ஆப்பிள் மரம் என்று வருமிடத்தில், நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்புக் கிச்சிலி மரம் என்றே கூறுகின்றது. ஏதேன் தோட்டத்துக் கனியை ஆப்பிள் என்று பலர் எண்ணினும், ஆதியாகமம் அக்கனியின் பெயரை யாண்டும் சொல்லவில்லை. ஆப்பிளின் பிறப்பிடம் மத்திய ஆசியாவிலுள்ள தியென்ஷான் மலைச்சாரலாகும். 1929ஆம் ஆண்டில் ருஷிய தாவர நூற்புலவராகிய வவிலோவ் அப்பக்கம் சென்று, அல்மாட்டி நகரைச் சூழ்ந்த மலைகளிற் காட்டு ஆப்பிள் மரங்கள் அடர்ந்து வளர்வதைக் கண்டு, அதுவே இக்கனியின் தாயகம் என்று துணிந்தார். பிற்கால ஆராய்ச்சிகளும் அவர் கருத்தையே உறுதி செய்தன.

ஆப்பிள் விதைக்கு ஓர் இயல்பு உண்டு. இனிய கனியின் விதையை நட்டால் இனிய கனியே கிடைக்கும் என்று சொல்லுதற்கில்லை. ஒவ்வொரு விதையும் ஒரு புதுமரமாகவே முளைக்கும். நல்ல மரம் ஒன்று வாய்த்துவிட்டால், அதன் கிளையை வேறொரு மரத்தில் ஒட்டுக்கட்டியே அவ்வகையைப் பெருக்குதல் வேண்டும். ஆங்கில நாட்டுச் சமையல் ஆப்பிள்களுள் தலைசிறந்ததாகிய பிராம்லி இதற்குச் சான்றாகும். 1809ஆம் ஆண்டில், நாட்டிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த சௌத்வெல் என்னும் சிற்றூரிலே, மேரி ஆன் பிரெய்ல்ஸ்போர்டு என்னும் சிறுமி சில ஆப்பிள் விதைகளை நட்டாள். அவற்றுள் ஒன்று மரமாயிற்று. 1846இல் அவ்வீட்டை மாத்யூ பிராம்லி என்பவர் விலைக்கு வாங்கினார். 1856இல் ஹென்றி மெர்ரிவெதர் என்னும் இளைஞர் அம்மரத்தினின்று ஒட்டுக்கிளைகள் வேண்டினார். தம் பெயரை அக்கனிக்கு இடுவதானால் தடையில்லை என்று பிராம்லி இசைந்தார். 1862இல் அக்கனி முதன்முதலாக விற்கப்பட்டதற்குக் குறிப்பு உண்டு. அன்று முதல் நடப்பட்ட பிராம்லி மரங்கள் யாவும் அச்சிறுமி நட்ட ஒற்றை மரத்தின் வழிவந்தனவே. நட்டவள் பெயர் கனியில் நிலைக்கவில்லை. வீட்டை வாங்கினவர் பெயரே நிலைத்தது.

நிற்க, சமைக்கும் ஆப்பிள் என்பது யாது? ஆப்பிளின் புளிப்பு, மாலிக் அமிலம் என்னும் பொருளால் உண்டாவது. பிராம்லியில் இவ்வமிலம் மிகுதி, சர்க்கரை குறைவு. சூடேறியபின் கனியின் மெல்லிய மணம் பெரும்பாலும் ஆவியோடு போய்விடும், புளிப்போ போவதில்லை. ஆதலின் பச்சையில் இனிக்கும் கனி சமைத்தபின் சப்பென்றிருக்க, புளிப்புள்ள கனி தன் சுவையை இழவாது நிற்கின்றது. மற்றொரு வேறுபாடும் உண்டு. கனியின் நுண்ணறைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்னும் பசைப்பொருள். வெப்பத்தால் அது இளகும்போது பிராம்லி முற்றிலுங் குழைந்து நுரைபோலாகிவிடும். உண்ணுதற்குரிய வகைகளோ துண்டுகளாகவே நிற்கும். கூழாகவேண்டிய பண்டத்திற்கு முன்னதையும், துண்டு தோன்றவேண்டிய பண்டத்திற்குப் பின்னதையும் தேர்ந்தெடுத்தல் முறை. சிலர் இரண்டையுங் கலந்து, ஒன்றின் குழைவையும் மற்றொன்றின் வடிவையும் ஒருங்கே பெறுவர்.

இனி, இல்லத்தாரின் இடர்ப்பாட்டைக் கூறுவோம். வளர்ந்த மரம் ஒன்று செப்டம்பர், அக்டோபர் மாதங்களிற் சிலவாரங்களுக்குள்ளே கூடை கூடையாகக் கனிகளைத் தந்துவிடும். காற்றுக்கு உதிர்ந்தவை, புழு துளைத்தவை, அடிபட்டுக் கன்றியவை, குற்றமற்றவை என எல்லாம் ஒரே வேளையில் வந்து சேரும். வகைப்படுத்தாது குவித்துவைத்தால், கிறிஸ்துமசுக்கு முன்னரே பாதி அழுகிப்போகும். பழுத்த ஆப்பிள் எதிலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றது. அவ்வாயு அண்டையிலுள்ள கனிகளையும் விரைவிற் பழுக்கச் செய்யும். அடிபட்ட கனி அதனை மிகுதியாக வெளிவிடும்; அதிற் பற்றிய பூஞ்சணமும் தொட்டுக்கொண்டிருக்கும் கனிக்குப் பரவும். ஆகவே பிரித்தெடுத்தலே முதல் வேலை. காம்பு நீங்காமலும் தோலிற் கீறலின்றியும் உள்ளவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் தாளிற் சுற்றி, ஒன்றையொன்று தொடாவண்ணம் தட்டுகளில் அடுக்கி, குளிர்ந்த இருட்டறையில் வைப்பர். இவ்வாறு வைத்த பிராம்லி குளிர்காலம் முழுவதும் கெடாதிருக்கும். ஆகஸ்டு மாதத்திலேயே பழுக்கும் வகைகளோ சேமித்தற்கு ஏற்றனவல்ல. அவற்றை உடனே உண்ணல் வேண்டும். கன்றியவற்றைக் கன்றிய பாகம் நீக்கி உடனே சமைக்கலாம். பூஞ்சணம் பிடித்து அழுகியவற்றைச் சமையலிற் சேர்த்தல் தகாது; அவ்வழுகலில் உண்டாகும் நச்சுப்பொருள் கொதிநீரிலும் முற்றும் அழிவதில்லை.

சமையல்களுள் எளியது சுட்ட ஆப்பிள். கனியின் தோலை உரியாமல், நடுத்தண்டை மட்டுந் துளைத்தெடுத்து, அக்குழியில் உலர்ந்த திராட்சை, பழுப்புச் சர்க்கரை, இலவங்கப்பட்டைப் பொடி, சிறிது வெண்ணெய் ஆகியவற்றை அடைப்பர். கனியின் நடுவே தோலைச் சுற்றிலும் கத்தியால் ஒரு கீறல் இடுதல் இன்றியமையாதது. உள்ளே எழும் நீராவிக்கு அதுவே வழி. அதனை மறந்தால் கனி வெடித்துவிடும். தட்டிற் சிறிது நீர் வார்த்து, ஓவன் என்னும் மூடிய அடுப்பில் 350 பாகை பாரன்ஹீட் வெப்பத்தில் முக்கால் மணி நேரம்வரை வைத்தால் கனி மெத்தென வெந்துவிடும்.

பை என்னும் மாப்பண்டம் கைப்பழக்கம் வேண்டுவது. மாவுக்குப் பாதி வெண்ணெய் என்பது பொது விதி. 12 அவுன்சு கோதுமை மாவுக்கு 6 அவுன்சு வெண்ணெயும், இரண்டு இராத்தல் ஆப்பிளும் ஒரு குடும்பத்திற்குப் போதும். வெண்ணெயைக் குளிர்ச்சி மாறாமல் விரல் நுனியால் மாவிற் பிசிறவேண்டும். வெண்ணெய் மாத்துகள்களைப் பூசி நிற்பதால், நீர் சேரும்போது மாவு சவ்வுபோல் இழுபடாது. வெந்தபின் பொலபொலவென்று உதிரும். நீர் மிகுந்தாலும், நெடுநேரம் பிசைந்தாலும் ஓடு கடினப்பட்டுவிடும். பிசைந்ததைச் சற்றே குளிரவைத்தபின் இரு வட்டங்களாகத் தேய்த்து, ஒன்றைத் தட்டில் விரித்து, ஆப்பிள் துண்டுகளைச் சர்க்கரையோடு நடுவில் உயரக் குவித்து, மற்றொன்றால் மூடுவர். வெந்தபின் கனி சுருங்குமாதலின் உயரக் குவித்தல் வேண்டும். ஆவி வெளிப்படுதற்கு மூடியிற் சில கீறல்கள் இட்டு, 400 பாகை வெப்பத்தில் நிறம் ஏறும்வரை சுடுவர். நறுக்கிய துண்டுகள் காற்றுப் பட்டுப் பழுப்பாகாமல் இருத்தற்கு எலுமிச்சைச் சாறு பிழிதல் நலம்; கனியிலுள்ள ஒருவகை நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் அந்நிறமாற்றத்தை அமிலம் தடுக்கின்றது.

1940 ஜனவரியில் ஆங்கில நாட்டிலே வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டுக்கு உட்பட்டன. சர்க்கரைக்கு இருந்த கட்டுப்பாடு 1953இலும், வெண்ணெய்க்கு இருந்தது 1954இலுமே நீங்கின. அக்காலத்தில் கிரம்பிள் என்னும் பண்டம் இல்லந்தோறும் பரவிற்று என்பர். தேய்க்கவும் மடிக்கவும் வேண்டாத பண்டம் அது. 6 அவுன்சு மாவும், 3 அவுன்சு வெண்ணெயும் பிசிறி, 3 அவுன்சு சர்க்கரை கலந்து, இரண்டு இராத்தல் ஆப்பிள் துண்டுகளின்மேல் தூவி, 375 பாகை வெப்பத்தில் நாற்பது நிமிடம் சுட்டால் முடிந்தது. பைக்கு வேண்டிய வெண்ணெயில் இதற்குப் பாதியே செல்லும். கைப்பழக்கம் இல்லாதாரும் முதன்முறையிலேயே செய்யத்தக்க பண்டம் இதுவே.

சேமிப்புக்குரிய பக்குவங்களுள் ஜெல்லி தனிச் சிறப்புடையது. உதிர்ந்த பழங்களே இதற்குப் போதும். தோலையும் நடுத்தண்டையும் நீக்காமல் நறுக்கி, மூழ்கும் அளவு நீரில் வேகவைத்து, துணியிற் கட்டி இரவு முழுவதும் வடியவிடுவர். துணியைப் பிழிதல் ஆகாது. பிழிந்தால் தெளிவு கெட்டுக் கலங்கிவிடும். வடிந்த சாறு ஒரு பைண்டுக்கு ஒரு இராத்தல் சர்க்கரை சேர்த்து, வெப்பம் 220 பாகையைத் தொடும்வரை கொதிக்கவிடுவர். குளிர்ந்த தட்டில் ஒரு துளி இட்டு விரலால் தள்ளும்போது மேலே சுருக்கம் விழுந்தால் பதம் வந்ததென்று அறியலாம். பெக்டின், அமிலம், சர்க்கரை ஆகிய மூன்றும் அளவோடு சேர்ந்தாலன்றிச் சாறு உறையாது. அப்பெக்டின் மிகுந்திருப்பது நாம் குப்பையில் எறியும் தோலிலும் தண்டிலுமே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மற்றொன்று சட்னி. பெயரும் கருத்தும் நம் நாட்டினின்று ஆங்கிலேயர் கொண்டு சென்றவையே. ஆயின் நம் சட்னி அன்றன்று அரைப்பது. அவர்களுடையது ஆப்பிள், வெங்காயம், உலர்ந்த திராட்சை, இஞ்சி, சர்க்கரை, காடி ஆகியவற்றை ஒன்றாகக் கெட்டிப்படும்வரை காய்ச்சிப் புட்டியில் அடைத்துப் பல மாதம் வைத்துண்பது. காடியும் சர்க்கரையும் அதனைக் கெடாது காக்கின்றன.

நம் நாட்டுக் கடைகளிற் கிடைக்கும் ஆப்பிளைக்கொண்டு இவற்றைச் செய்யக்கூடுமோ என்று வாசகர் வினவலாம். 1904ஆம் ஆண்டில் குஷ்டரோகிகளுக்கு ஊழியஞ் செய்ய அமெரிக்காவினின்று வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர், பின்னர் இமயமலைச் சாரலில் கோட்கட் என்னுமிடத்திற் குடியேறி, ரெட் டெலிஷியஸ் என்னும் அமெரிக்க ஆப்பிளை நட்டு, அப்பகுதி உழவர்க்குப் புதியதொரு பிழைப்பைக் காட்டினார். அவ்வகை மிக இனியது, புளிப்புக் குறைந்தது. ஆதலால் அதனைச் சமைக்க விரும்புவோர் சர்க்கரையை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து, இரண்டு இராத்தலுக்கு ஒரு எலுமிச்சம்பழச் சாறு சேர்த்தல் வேண்டும். பிராம்லியைப்போல் அது குழையாதாதலின், கூழுக்கு ஏற்றதன்று. சுடுதற்கும் பைக்கும் பயன்படும். ஓவன் இல்லாத வீட்டிலும் துண்டுகளைச் சிறிது வெண்ணெய், சர்க்கரை, கிராம்பு இவற்றோடு மூடிய பாத்திரத்தில் இளந்தீயில் வேகவைத்து உண்ணலாம்.

நம் திருச்சபைகளிற் கொண்டாடும் அறுப்பின் பண்டிகைக்கு ஒப்பாக ஆங்கில நாட்டிலும் ஒன்றுண்டு. 1843இல் கார்ன்வாலைச் சேர்ந்த மார்வென்ஸ்டோ என்னும் ஊரின் குருவாகிய ஹாக்கர், இக்கால முறையில் அதனைத் தொடங்கிவைத்தார். இன்றும் அந்நாளில் ஆலயத்தின் சாளரங்களிலும் பீடத்தின் அடியிலும் மக்கள் ஆப்பிள்களைக் கொண்டுவந்து அடுக்குவர். காணிக்கைக்குக் குற்றமற்றவற்றையே தெரிந்தெடுத்தல் இயல்பு. ஆயினும் குடும்பத்தைக் குளிர்காலம் முழுவதும் தாங்குவதில், உதிர்ந்தும் கன்றியும் கிடந்த கனிகளுக்கும் பெரும் பங்குண்டு. அழகிய கனி தட்டிற் சும்மா வீற்றிருக்க, அழகற்றது பையாகவும் ஜெல்லியாகவும் சட்னியாகவும் மாறிப் பயன் தருகின்றது. சித்திரைக் காற்றில் உதிர்ந்த மாங்காயை வற்றலாகவும் ஊறுகாயாகவும் மாற்றும் நம் பாட்டிமார் இவ்வுண்மையை நூலின்றியே அறிந்திருந்தனர். ஒருங்கே வரும் மிகுதியை, வரும் நாளிலேயே வகைசெய்து காப்பதுதான் பாகசாத்திரத்தின் பாதி என்பதை எந்நாட்டு அடுக்களையும் ஒரே குரலாகச் சொல்லும்.