உஷார்! ‘அது என் பிள்ளையே இல்லை’ என்று எழுதிக் கொடுக்கும் முன்...

பிரிந்து போன மனைவி, குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். சம்மன் வந்துவிட்டது. பார்த்த மாத்திரத்தில் கோபம் தலைக்கேறி, ‘அது என் பிள்ளையே இல்லை, நான் ஏன் கொடுக்கணும்?’ என்கிறீர்கள். பக்கத்தில் இருக்கும் மாமனோ மச்சானோ, ‘விடு மாப்ளே, ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் போட்டா கேஸ் காலி’ என்று தைரியம் சொல்கிறார். காலியாகாது ஐயா! சந்தேகத்தில் உண்மையே இருந்தாலும், இந்தத் தைரியத்தை நம்பிப் போனவர்கள் கோர்ட்டில் வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் ஆபத்து, ‘நாங்கதான் பிரிஞ்சிட்டோமே’ என்ற நினைப்பு. பிரிந்திருப்பது வேறு, விவாகரத்து வேறு. திருமண பந்தம் நீடிக்கும்போது பிறந்த குழந்தை, அல்லது விவாகரத்தாகி, தாய் மறுமணம் செய்யாத நிலையில் 280 நாட்களுக்குள் பிறந்த குழந்தை, அந்தக் கணவனுடையதுதான் என்று சட்டம் முடிவாகவே எடுத்துக்கொள்கிறது. 1872-ம் வருடத்து சாட்சியச் சட்டத்தின் 112-வது பிரிவு இது. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தில் 116-வது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. எண்தான் மாறியது, பிடி தளரவில்லை.

இதிலிருந்து வெளியே வரச் சட்டம் வைத்திருக்கும் கதவு ஒன்றே ஒன்று. குழந்தை கருவில் உருவாகியிருக்கக் கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் சந்திக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். ‘நாங்க சேர்ந்து இருக்கல’ என்று சொன்னால் போதாது. இருந்திருக்கவே முடியாது என்று காட்ட வேண்டும். துபாயில் வேலை பார்த்தேன் என்பீர்கள். சரி, பாஸ்போர்ட்டை எடுங்கள். நடுவில் தங்கை கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் லீவில் ஊருக்கு வந்த முத்திரை அதில் இருக்கிறதா? அந்தப் பதினைந்து நாள் கரு உருவான காலத்தோடு ஒட்டி வந்தால், உங்கள் பாஸ்போர்ட்டே எதிர்த்தரப்பு சாட்சி. ஒரே ஊரில் நான்கு தெரு தள்ளிக் குடியிருந்தவர்கள் பாடு இன்னும் கஷ்டம்.

மனைவிக்கு வேறொருவருடன் தொடர்பு இருந்ததற்கு வாட்ஸ்அப் ஆதாரம் இருக்கிறதே என்றால், அதுவும் இந்தக் கதவைத் திறக்காது. இன்னொருவருடன் தொடர்பு இருந்தது என்பதற்காக, கணவனுக்கு வாய்ப்பே இல்லை என்று ஆகிவிடாது. கேரளத்து வழக்கு ஒன்றில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

அடுத்தது இந்த கூரியர் டெஸ்ட். ஆன்லைனில் பணம் கட்டினால் கிட் வருகிறது. பஞ்சுக் குச்சியால் தூங்கும் பிள்ளையின் கன்னத்து உள்பக்கத்தைத் தேய்த்து, கவரில் போட்டு அனுப்பினால் ரிப்போர்ட் மெயிலில் வந்துவிடும். யாருடைய எச்சில், யார் எடுத்தது, நடுவில் யார் கை பட்டது என்று எதிர் வக்கீல் கேட்டால் பதில் உண்டா? புனே தம்பதி வழக்கில் கணவர் தனியாக எடுத்த டெஸ்ட், தந்தையாக இருக்க வாய்ப்பே இல்லை என்றது. குடும்பநல நீதிமன்றமும் மும்பை உயர் நீதிமன்றமும் முறைப்படி டெஸ்ட் எடுக்க உத்தரவிட்டன. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவையே ரத்து செய்தது. சந்திக்க வாய்ப்பில்லை என்று கணவர் தன் மனுவில் சொல்லவே இல்லை என்பது முக்கியக் காரணம். பெரியவர்கள் சண்டைக்குப் பிள்ளையின் ரத்தத்தைச் சர்வசாதாரணமாகக் கேட்க முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. என்னைக் கேட்டால், நியாயமான பேச்சு.

அப்படியானால் டி.என்.ஏ.வுக்கு மதிப்பே இல்லையா? உண்டு, கோர்ட் மூலம் வந்தால். மகாராஷ்டிரத்திலிருந்து போன ஒரு ஜீவனாம்ச வழக்கில் உச்ச நீதிமன்றமே டெஸ்டுக்கு அனுப்பியது. அந்த முடிவை மனைவி தரப்பு ஏற்கவில்லை. ஹைதராபாத்தில் மறுபடி எடுத்தார்கள். இரண்டிலும் கணவர் தந்தை இல்லை என்றே வந்தது. சட்டத்தின் அனுமானத்தைவிட அறிவியல் உண்மைக்கே மதிப்பு என்று 2014 ஜனவரியில் தீர்ப்பாகி, குழந்தைக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்றானது. ஆனால் ஏற்கெனவே கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க முடியாது என்றும் சேர்த்தே சொன்னார்கள்.

பணம் என்றதும் இன்னொன்று. டெஸ்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று வாய்தா மேல் வாய்தா வாங்குவது தற்கொலை. இடைக்கால ஜீவனாம்சத்தைத் தனியே உத்தரவிடலாம். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே என்பது 2020-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. இழுக்க இழுக்க பாக்கிதான் ஏறும். கோர்ட்டுக்கே போகாமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி ஆர்டர் விழும். அதை ரத்து செய்யக் கேட்க மூன்று மாதம்தான் கெடு. கட்டாவிட்டால் வாரன்ட், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே போய் வந்தாலும் பாக்கி கழியாது.

சந்தேகமே இல்லாமல், தொகையைக் குறைக்க மட்டும் இந்தப் பழியைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் பெரிய உஷார்! மனைவியின் நடத்தையைக் கோர்ட் மனுவில் கேவலப்படுத்துவதே மனக்கொடுமை என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் கணவர் பின்னால் அந்த வரிகளை வாபஸ் வாங்கியும் பலிக்கவில்லை. அதையே காரணம் காட்டி மனைவி விவாகரத்து வாங்கலாம். அந்தக் காகிதத்தை நாளைக்கு அந்தப் பிள்ளையும் படிக்கும்.

உண்மையான சந்தேகம் இருந்தால், முதல் கவுன்ட்டரிலேயே, அதாவது பதில் மனுவிலேயே, தேதிவாரியாகச் சொல்லுங்கள்: எப்போது பிரிந்தோம், எங்கே இருந்தேன், அதற்கு என்ன ஆதாரம் என்று. டெஸ்ட் கேட்கும் மனு அதற்குப் பிறகுதான். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். அழைக்க வேண்டிய எண் 15100.