மண்ணும் நியாயமும் – 14: முட்டத்து முனையும் கருமணலும்

சென்ற வாரம் கொள்ளிடத்து மணலைப் பற்றிப் பார்த்தோம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது வெள்ளத்தில் பெயர்ந்தபோது, அணை பழசாகிவிட்டது என்று ஒரு தரப்பு சொன்னது. ஆற்றில் மணலை அள்ளியதால் வந்த வினை என்று விவசாயிகள் சொன்னார்கள். மணல் கிடக்கும் இடத்தை மட்டும் பார்த்து மணலைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே அந்த வாதத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்டது. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வழியில் எதைத் தாங்கி நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். இந்த வாரம் அதே அளவுகோலோடு மாநிலத்தின் தென்மேற்குக் கோடிக்குப் போவோம். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டமும், அதை ஒட்டிய மணவாளக்குறிச்சிக் கரையும்தான் இன்றைய வழக்கு. கடற்கரைச் சுரங்கத்தின் நன்மை தீமையைக் குத்தகை நிலத்தின் வேலிக்குள் நின்று அளக்கக் கூடாது. ஒரு பாறைமுனையிலிருந்து அடுத்த பாறைமுனை வரை உள்ள கரை முழுவதையும் ஒரே அலகாக வைத்து அளக்க வேண்டும். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் வேலை.

முட்டத்தைத் தமிழ்நாடு சினிமாவில் பார்த்திருக்கிறது. 1981-ல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ அந்தப் பாறைகளைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தது. ஆனால் அந்தப் பாறைகள் வெறும் காட்சிப் பொருள் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிக்கல்லான சார்னோகைட்டும் கார்னெட் கலந்த நைஸ் பாறையும் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் இடம் அது. முனைக்கு மேற்கே வள்ளியாறு கடலில் சேரும் கடியபட்டணம், அடுத்து சின்னவிளை, பெரியவிளை, மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, பிறகு குளச்சல். மலைப்பாறை சிதைந்து, ஆற்றில் அரைபட்டு, கடலுக்கு வருகிறது. அலை அதைப் புடைக்கிறது. சாதாரண வெண்மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. இல்மனைட், சிர்கான், மோனசைட் ஆகியவை 4.5-க்கு மேல். இலேசானதை அலை இழுத்துக்கொண்டு போக, கனமானது கரையில் தங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கரை கரைகிறது. கடல் அடங்கியதும் மணல் மீண்டும் ஏறுகிறது. இந்த வரவு செலவுக்குள் நீரோட்டத்தைத் திருப்பியும் தடுத்தும் எல்லை போடுவது பாறைமுனைதான். ஆகவே முட்டம், மணவாளக்குறிச்சி என்று ஊர்ப்பெயர்கள் வேறாக இருந்தாலும், மணலின் கணக்கில் இரண்டும் ஒரே பேரேடு.

இந்தக் கரை உலகச் சந்தைக்குத் தெரிய வந்தது 1909-ல். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டார்; மணவாளக்குறிச்சியில் ஆலையும் எழுந்தது. அன்றைய தேவை அணுசக்தி அல்ல, விளக்கு. வாயுவிளக்கின் வலைத்திரி வெள்ளையாக எரிய தோரியம் வேண்டியிருந்தது. முதல் உலகப் போர் வந்ததும் ஷோம்பெர்க் கைதானார். தொழில் பிரிட்டிஷ் கைக்கு மாறியது. இரண்டாம் போருக்குப் பிறகு அதே மணல் அணுகுண்டு அரசியலின் பொருளானது. மோனசைட்டை வெளியே விடாமல் திருவிதாங்கூர் தடுத்தது. சுதந்திர இந்தியா 1950-ல் இந்திய அருமணல் நிறுவனத்தை உருவாக்கியது. 1960-களில் மணவாளக்குறிச்சி ஆலை அதன் கைக்கு வந்தது. இதற்கிடையே, 1956 நவம்பர் 1-ல் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. விளக்கு போய் அணுஉலை வந்தது, மன்னர் போய் மக்களாட்சி வந்தது. கரையை எதைக் கொண்டு அளப்பது என்பது மட்டும் மாறவில்லை. எத்தனை டன் தாது கிடைக்கும் என்பதே எல்லாக் காலத்திலும் கேட்கப்பட்ட கேள்வி.

1990-களின் இறுதியில் தனியாருக்கும் கதவு திறந்தது. கார்னெட்டும் இல்மனைட்டும் தென்மாவட்டக் கரைகளிலிருந்து கப்பலேறின. விதிமீறல் புகார்கள் குவிந்த பின், 2013 ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டத்தில் தாதுமணல் அள்ளுவதை மாநில அரசு நிறுத்தியது. செப்டம்பரில் கன்னியாகுமரி உள்ளிட்ட மற்ற மாவட்டங்களுக்கும் தடை நீண்டது. 2019-ல் மத்திய அரசு இத்துறையை அரசு நிறுவனங்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டவிரோத மணல் கொள்ளையை சிபிஐ விசாரிக்க உத்தரவிட்டது. தனியார் குழிகள் பழைய சுரங்கங்களாகிவிட்டன. ஆனால் வழக்கு முழுவதும் உரிமம், ராயல்டி, கள்ள ஏற்றுமதி பற்றியது. திருடியவர் யார், அரசுக்கு இழப்பு எவ்வளவு என்பது அவசியமான கேள்விதான். கரைக்கு இழப்பு எவ்வளவு என்பதும் அதே அளவு அவசியமான கேள்வி. அதற்குக் கணக்குப் புத்தகமே கிடையாது. மறுபுறம், கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் புதிதாகத் தாதுமணல் எடுக்க அரசு நிறுவனம் திட்டமிட்டிருக்கிறது. மீனவர்களின் எதிர்ப்பால் 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. பழைய கணக்கை முடிக்காமல் புதுக் கணக்கைத் திறக்கும் நேரம் இது.

அந்தக் கணக்கை எப்படிப் போடுவது? மணலை எடுத்து, தாதுவைப் பிரித்து, மிச்சத்தைக் குழியில் திரும்பக் கொட்டிவிடுகிறோம் என்பது சுரங்கத் தரப்பின் விளக்கம். நூறு வண்டி எடுத்து அதில் முப்பது வண்டி அளவுக்குத் தாது பிரிந்தால், திரும்புவது எழுபது வண்டி. எளிய கழித்தல் இது. அதோடு, போன முப்பது கனமானது, வந்த எழுபது இலேசானது. கரையின் மேல்தட்டில் கனமான மணி படிந்திருக்கும்போது, அலை கரைக்க அதிக விசை வேண்டும். அதை நீக்கிவிட்டால் மிஞ்சும் மணல் அதே அலைக்கு எளிதில் ஓடும். கடலோர மணல்மேடு தாழ்ந்தால் என்ன நேரும் என்பதை 2004 டிசம்பர் 26 எல்லோருக்கும் காட்டியது; குளச்சல், கொட்டில்பாடு பக்கத்துக் கரைகள் அன்று பெரும் உயிர்ப்பலி கொடுத்தன. அந்தச் சாவுகளுக்குச் சுரங்கம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சுனாமி அதைவிடப் பெரிய சக்தி. கரையின் உயரமும் அகலமும் மனித உயிரோடு சம்பந்தப்பட்டவை, ஆகவே அவை அளக்கப்பட வேண்டியவை என்று மட்டுமே சொல்கிறேன். கரைமடி இழுக்க அகலமான மணல் வேண்டும், வள்ளம் ஏற்றிவைக்க இடம் வேண்டும், வலை காயப்போட வெளி வேண்டும். மீனவருக்குக் கரை என்பது தொழிற்கூடம்.

‘கடல் கொண்டுவந்து போட்டதைத்தானே வாருகிறோம், அடுத்த பருவத்தில் மறுபடியும் போடும்’ என்பது முதல் மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதைச் சுவாமிமலையிலிருந்தே காட்டலாம். சிலை வார்க்கும் ஸ்தபதிகள் மெழுகு உருவின் மேல் முதலில் பூசுவது காவிரிக் கரையின் நுண்ணிய வண்டல் மண். தலைமுறை தலைமுறையாக எடுத்து வருகிறார்கள். வெள்ளம் வரும்போது வண்டலும் வருகிறது. எடுக்கும் அளவு ஆறு தரும் அளவுக்கு மிகக் கீழே இருப்பதால் அந்த வழக்கம் நீடிக்கிறது. அதே ஆற்றில் பொக்லைன் இறங்கியபோது ஆற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆகவே, திரும்பித் தரும் என்பது இயற்கையின் நிபந்தனையற்ற வாக்குறுதி அல்ல. அளவைப் பொறுத்தது, வரத்தைப் பொறுத்தது. குமரி மாவட்டத்தில் வரத்து எப்படி? கோதையாற்று அமைப்பில் 1906-லேயே பேச்சிப்பாறை அணை வந்துவிட்டது, பிறகு பெருஞ்சாணியும் வந்தது. அணை தண்ணீரைத் திறந்துவிடும், மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மலையிலிருந்து வருவது குறைந்திருக்க, கரையில் எடுப்பது மட்டும் தொடர்ந்தால், கருமணல் ஆண்டு விளைச்சலாக இராது. பல்லாயிரம் ஆண்டு சேர்ந்த அதை வாருவது விதைநெல்லை அவித்துத் தின்பதற்குச் சமம்.

‘கடலரிப்புக்குச் சுரங்கம் மட்டுமா காரணம்?’ என்பது இரண்டாவது மறுப்பு. இல்லை, மட்டும் இல்லை. சுரங்கமே இல்லாத இடங்களிலும் கரை கரைகிறது. இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு ஆளாகியிருப்பதாகச் சென்னையிலுள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு காட்டியது. துறைமுக அலைத்தடுப்புச் சுவர், தூண்டில் வளைவு, அணை எல்லாம் மணலின் போக்கை மாற்றுகின்றன. ஓர் ஊரைக் காக்கப் போட்ட தூண்டில் வளைவு அடுத்த ஊரின் மணலைப் பறிப்பதும் நடக்கிறது. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. காரணங்கள் பல என்றால் ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்தறிய வேண்டும். பிரித்தறிய வேண்டுமென்றால் முட்டம் முதல் குளச்சல் வரை கரை முழுவதையும் சேர்த்து அளக்க வேண்டும். குத்தகை நிலத்தை மட்டும் ஆராயும் அறிக்கையால், பக்கத்து ஊரின் கரை ஏன் கரைந்தது என்பதற்குப் பதில் சொல்லவே முடியாது. ‘சுரங்கத்தால் இல்லை’ என்று சொல்லும் தகுதியும் அந்த அறிக்கைக்கு இல்லை.

மூன்றாவது மறுப்பு கதிரியக்கம். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அதை அகற்றினால் மக்களுக்கு நல்லதுதானே என்கிறார்கள். இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, இயற்கைக் கதிரியக்கத்தால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-ல் வெளியிட்டார்கள். சுரங்க ஆதரவாளர்களே இதை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். அப்படியானால் இரண்டில் ஒன்றைத்தான் அவர்கள் சொல்ல முடியும். மணலால் ஆபத்தில்லை என்றால், அதை அகற்றுவது மக்களுக்குச் செய்யும் வைத்தியம் ஆகாது. ஆபத்து உண்டு என்றால், தாதுவைப் பிரித்துச் செறிவாக்கிக் கையாளும் தொழிலாளிக்கும் ஆலைக்கு அருகே குடியிருப்பவருக்கும் தனி ஆய்வு வேண்டும். இயற்கையாகப் பரவிக் கிடக்கும் மணலில் வாழ்பவரைப் பற்றிய ஆய்வு, குவித்து வைத்த மோனசைட்டைப் பற்றிப் பேசாது.

நாட்டின் தேவை என்பது நான்காவது மறுப்பு. எடை மிகுந்ததும் இதுதான். 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, மின்வாகனம் முதல் ஏவுகணை வரை எத்தனை தொழில்கள் அவற்றைச் சார்ந்திருக்கின்றன என்று உலகம் உணர்ந்தது. தோரியத்தை நம்பி ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டமும் நம்முடையதே. இவற்றை அலட்சியப்படுத்த முடியாது. ஆனாலும், இந்தக் கரையிலிருந்து போகும் தாதுவில் எடையால் மிகப் பெரும்பங்கு இல்மனைட். அது முக்கியமாகப் பெயின்ட்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடாகிறது. தோரியத்திலிருந்து பெறும் யுரேனியம்-233-ல் இயங்கும் காமினி உலை கல்பாக்கத்தில் 1996-ல் தொடங்கியது. அது 30 கிலோவாட் ஆய்வு உலை. தோரியத்தில் பெருமளவு மின்சாரம் எடுக்கும் மூன்றாம் கட்டம் இன்னும் வரவில்லை. அவசரம் எதற்கு எவ்வளவு என்று தாதுவாரியாகப் பிரித்துச் சொல்லாமல், பெயின்ட்டுக்கான மணலையும் தேசப் பாதுகாப்பின் பெயரில் அள்ளக் கூடாது. தேவை உண்மையானது என்பதே அளவீட்டைத் தள்ளிவைக்கக் காரணமாகாது. 2025 செப்டம்பரில் அணுசக்தி மற்றும் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து மத்திய அரசு விலக்களித்தது இதனால்தான் தவறான திசை. கரையைத் தினமும் பார்க்கும் மக்களின் சாட்சியை விலக்கிவிட்டால், மிஞ்சுவது டன் கணக்கு மட்டுமே.

பிழைப்பைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். மணல் ஆலை வேலை தந்தது. சுற்றியுள்ள மீனவ ஊர்களின் மக்கள் அலை ஒதுக்கும் கருமணலை வாரிக்கொடுத்துக் கூலி பெற்றார்கள். மூடினால் என்ன வழி என்று கேட்பவருக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலைச் சிலர் காட்டுவார்கள். அட்லாண்டிக் கடலோரப் பாறைமுனைகளில் தகரமும் செம்பும் வெட்டிய ஊர்கள் அவை. 1985-ல் தகரத்தின் விலை சரிந்தது. கடைசிச் சுரங்கமான சவுத் கிராஃப்டி 1998-ல் மூடப்பட்டது. 2006-ல் அந்த நிலப்பரப்பு உலகப் பாரம்பரியச் சின்னமானது. பாழடைந்த எந்திர மண்டபங்களைப் பார்க்க இன்று கூட்டம் வருகிறது. ஆனால் அங்கே வெட்டியது பாறைக்குள் ஆழத்தில்; முனை முனையாகவே நின்றது. இங்கே எடுக்கப்படுவதே கரை. எடுத்து முடித்த பிறகு சுற்றுலாவுக்குக் காட்டவும் நிலம் இருக்காது. அங்கும்கூட, வீல் ஜேன் சுரங்கம் மூடி இறைப்பு நின்ற பின், 1992 ஜனவரியில் உலோகக் கழிவுநீர் பீறிட்டு ஆற்றைச் செந்நிறமாக்கியது. அதைச் சுத்திகரிக்கும் செலவு பொதுமக்கள் தலையில் விழுந்தது. சுரங்கம் மூடப்படும் நாளில் அதன் பொறுப்பு முடிவதில்லை என்பதே கார்ன்வால் தரும் பாடம்.

இப்படி முழு நிலத்தையும் ஒரே அலகாகப் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்டால், டெல்டாக்காரர்கள் துணிந்து பதில் சொல்லலாம். 2020-ல் தமிழ்நாடு நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தோடு கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்களையும் சேர்த்து ஒரு மண்டலமாக எடுத்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளை அது நிறுத்தவில்லை என்பது உண்மையான குறை. ஆனால் சர்வே எண்ணை விட்டுவிட்டு ஆறு பாயும் நிலத்தைக் கணக்கில் வைத்தது. 2023-ல் வடசேரி உள்ளிட்ட நிலக்கரிப் பகுதிகளை மத்திய அரசு ஏலத்திலிருந்து எடுத்தபோதும் அந்தக் கண்ணோட்டம்தான் வென்றது. நெல்வயலுக்குக் கிடைத்த நியாயம் நெய்தல் நிலத்துக்கும் கிடைக்க வேண்டும். முட்டம் முதல் குளச்சல் வரையிலான கரையை ஒவ்வொரு பருவத்துக்கு முன்னும் பின்னும் அளந்து ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். மூடிய குழிகளில் எவ்வளவு மணல் திரும்பியது என்று தணிக்கை செய்து, குறைவதற்கான செலவைக் குத்தகைதாரரிடம் வசூலிக்க வேண்டும். புதிய குத்தகை எதுவானாலும், அதே மணலைப் பகிரும் எல்லாக் கரையூர்களையும் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். இந்த மூன்றும் நடந்தால், மணல் எடுக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு ஆதாரத்தோடு பதில் கிடைக்கும். நடக்கும் வரை, கிள்ளியூரில் ஒரு வண்டி மணலும் எடுக்க அனுமதி தரக் கூடாது.

(தொடரும்)