பர்மா நோட்டுக்கு ஸ்கேனர் டெஸ்ட்!

மார்க் ஷீட்டும் ரேஷன் கார்டும் ஸ்கேன் செய்யும் உங்கள் வீட்டு ஸ்கேனர், பழைய ரூபாய் நோட்டின் அச்சு வித்தியாசங்களையும் காட்டிக் கொடுக்கும், தெரியுமா?

எங்கள் திருப்பத்தூர் வட்டாரத்தில் இதற்குத் தேவை அதிகம். செட்டிநாட்டிலிருந்து வட்டித் தொழிலுக்காக ரங்கூன், மோல்மீன் என்று போனவர்கள் ஏராளம். 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டபோது, இந்திய நோட்டின் மேலேயே 'பர்மாவில் மட்டும் செல்லும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியை அச்சிட்டு வெளியிட்டார்கள். 1945-ல் ராணுவ நிர்வாகத்தின் பெயரிலும், 1947-ல் பர்மா கரன்சி போர்டின் பெயரிலும் இதே போல மேலச்சு வந்தது. அந்த வரி இருந்தால் சேகரிப்பவர்களிடம் மதிப்பே வேறு. அதனால் சாதாரண நோட்டில் அதைப் பின்னால் சேர்த்து விற்பவர்களும் உண்டு.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு புரோகிராம் ஃபைல்களை ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் எடுப்பது எங்கள் தொழிலில் தினசரி வேலை. நோட்டுக்கும் அதே வழிதான்.

1. நம்பகமான நோட்டு ஒன்றையும், சந்தேகப்படும் அதே வகை நோட்டையும் 1200 டி.பி.ஐ.-ல் கலரில் ஸ்கேன் செய்யுங்கள். ஷார்ப்பன் போன்ற வசதிகளை அணைத்துவிட்டு, டிஃப் ஃபைலாகச் சேமியுங்கள்.

2. இலவச மென்பொருளான ஜிம்ப்பில் இரண்டையும் லேயர்களாகத் திறக்கவும். மேல் லேயரின் ஒபாசிட்டியை 50 ஆக்கி, படங்கள் பொருந்தும்படி நகர்த்தவும்.

3. ஒபாசிட்டியை மீண்டும் 100 ஆக்கி, மோடில் 'டிஃபரன்ஸ்' தேர்வு செய்யவும். ஒத்த இடங்கள் கறுப்பாகும். மாறிய இடங்கள் பளிச்சென்று தெரியும்.

இனிதான் கவனம் தேவை. நம்பரும் மேலச்சும் டிசைனுக்குப் பிறகு தனியாக அச்சாகின்றன. எனவே அவை சற்றுத் தள்ளி இருப்பது சகஜம். அதையே 'அபூர்வப் பிழை நோட்டு' என்று யாராவது விலை சொன்னால் ஏமாறாதீர்கள். எழுத்தின் வடிவமோ அளவோ மாறியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து எழுத்தை நன்றாக ஜூம் செய்யுங்கள். பல நிறப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் அது இங்க்ஜெட் பிரின்டரின் கைவரிசை. பழைய அச்சு எந்திரத்தில் அடித்த எழுத்து ஒரே மையில், விளிம்பு சற்று அழுத்தமாக இருக்கும்.

வாட்டர்மார்க்கை ஸ்கேனர் காட்டாது. அதற்கு நோட்டை வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். பழைய அச்சு முறையிலேயே போலி மேலச்சு போட்டிருந்தாலும் அனுபவசாலியின் கண்தான் தீர்ப்பு சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. இன்றைய நோட்டுகள் பலவற்றை, 2003-ல் வந்த சி.எஸ். பதிப்பு முதல் போட்டோஷாப் திறக்க மறுக்கிறது. அது கோளாறு அல்ல, கள்ள நோட்டுத் தடுப்பு. ரூபாய் நோட்டு போலத் தோன்றும் எதையும் அச்சிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 182-வது பிரிவின்படி குற்றம். ஒப்பிடுவது திரையோடு நிற்கட்டும்.

தாத்தாவின் பெட்டகத்தில் இப்படி ஒரு நோட்டு கிடைத்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். பழைய பேப்பரோடு சேர்த்துப் போடுவதற்கு முன் ஒரு முறை ஸ்கேன் செய்து பாருங்கள்!