புரொஸ்டேட் புற்றுநோய்: உடனே சத்திரசிகிச்சை தேவையா?

புற்றுநோய் என்றதும் "உடனே வெட்டி எடுங்கள்" என்கிறோம். புரொஸ்டேட் சுரப்பிக்குள் மட்டும் உள்ள நோய்க்கு அந்த அவசரம் எப்போதும் தேவையில்லை. பிரித்தானியாவில் 1,643 ஆண்களிடம் நடந்த ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023இல் வெளியானது. சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை, கண்காணிப்பு என எந்தப் பிரிவிலும் இந்நோயால் மரணித்தோர் 100க்கு ஏறத்தாழ 2 முதல் 3 பேரே. கண்காணிப்பில் இருந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர் சிகிச்சை பெற்றனர்.

சத்திரசிகிச்சை நோய் பரவுவதைப் பாதியாகக் குறைத்தது. ஆனால் சிறுநீர்க் கசிவும் தாம்பத்தியக் குறைபாடும் அதில்தான் அதிகம். கசிவுக்காகத் தொழுகையை விட வேண்டியதில்லை. ஒவ்வொரு பர்ளுக்கும் நேரம் வந்தபின் வுழூச் செய்து தொழலாம்.

வேகமாக வளரும் வகைக்கு இக்கணக்குப் பொருந்தாது. எனவே தெல்லிப்பளையிலோ மஹரகமவிலோ வைத்தியரிடம் கேளுங்கள்: "என் நோய் எந்தத் தரம்? காத்திருக்கலாமா?" மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அல்லாஹ் ஷிபாவைத் தருவானாக.