வாடகை கூட்டுக்கு, படிவம் ஒருவருக்கு

ஐக்கிய அமெரிக்காவில் உடன்பிறந்தார் இருவர் பங்குடைமையாய்க் கடையொன்றை வாடகைக்கு விட்டுள்ளனர் எனக் கொள்வோம். அங்கே வாணிகம் நடத்துபவர், ஆண்டு வாடகை முழுவதையும் 1099 ஆம் எண் படிவத்தில் மூத்தவர் பெயருக்கே எழுதிவிடுகின்றார். அதன் பிரதி வரித் திணைக்களத்துக்கும் செல்வதால், வாளாவிருந்தால் வரிச்சுமை முழுவதும் அவர் தலையிலேயே விழக்கூடும்.

மூத்தவர் அதே வகைப் படிவமொன்றில் தம்மைக் கொடுத்தவராகவும் பங்குடைமையைப் பெற்றவராகவும் காட்டித் திணைக்களத்துக்கு அனுப்புதல் வேண்டும். பங்குடைமைக்கும் ஒரு பிரதி உண்டு. பங்குடைமை, 1065 ஆம் படிவத்தோடு இணையும் 8825 இல் வாடகையையும் செலவையும் காட்டும். அது தானே வருமான வரி செலுத்துவதில்லை. இலாபம் கே-1 பத்திரத்தின் வழியே இருவர் கணக்கிலும் சேரும். ஒரே பணத்துக்கு இத்தனை தாள்களா என்று சலிப்புத் தோன்றுவது இயல்பே!

மறு ஆண்டிலும் இது தொடராதிருக்க, பங்குடைமையின் பெயரும் வரி இலக்கமும் எழுதிய டபிள்யூ-9 படிவத்தை வாடகைக்காரரிடம் இப்போதே கொடுத்துவிடலாம்.