24 மணி நேரக் கடைவாசல்

தாப்பா டோலில் இறங்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் கேமரன் மலைக்குப் போகிறவை. வழியில் பெட்டாய் வாங்குவார்கள், டுரியான் காலத்தில் டுரியான் சாப்பிடுவார்கள், லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி அருகே நின்று படம் எடுப்பார்கள். ஜன்னலுக்கு லங்சிர் தைக்கவோ, அடுப்படிக்குக் கெபினெட் போடவோ யாரும் இங்கே இறங்குவதில்லை. எங்கள் ஊரில் வீட்டு அலங்காரத் தொழில் செய்கிறவர்களுக்கு வாடிக்கையாளர் என்றால் அக்கம்பக்கத்துச் சனங்கள்தாம். தாப்பா, தாப்பா ரோடு, சென்டெரியாங், பீடோர், மிஞ்சிப்போனால் கம்பார்.

நான் வீட்டிலிருந்தபடியே லங்சிர் தைக்கிறேன். குஷன் உறை, பூஜை அறைத் திரை, சுவர் அலமாரி போன்ற சிறு வேலைகளையும் ஒரு தச்சரோடு சேர்ந்து எடுத்துச் செய்கிறேன். எனக்குக் கடை கிடையாது. அதனால் கடை வாடகையும் இல்லை, போகிறவர் வருகிறவர் எட்டிப் பார்க்கக் கடைவாசலும் இல்லை. அந்த வாசல் வேலையைத்தான் இப்போது கைப்பேசி ஸ்டோரி செய்கிறது.

வீட்டில் கேக் செய்பவர்கள், முறுக்கு சுடுபவர்கள், மருதாணி போடுபவர்கள் என்று பலரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "தினமும் ஸ்டோரி போடுறோம், பார்க்கிறாங்க, ஆனா ஆர்டர் வரலையே?" கோலாலம்பூர் நிறுவனங்களின் பளபளப்பான படங்களைப் பார்த்து அதே போல் போட வேண்டும் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பெரிய நிறுவனத்தைத் தேடி வருபவர் அழகைப் பார்த்து வருகிறார். நம்மைப் போன்றவர்களிடம் வருபவர், "இவரை நம்பி வீட்டுக்குள் விடலாமா, முன்பணம் கொடுக்கலாமா?" என்று பார்த்துவிட்டு வருகிறார். நம் ஸ்டோரி பதில் சொல்ல வேண்டியது அந்தக் கேள்விக்கு.

மறைந்துபோகும் படத்தின் பலம்

ஒரு நாளில் மறைந்துவிடும் ஸ்டோரி 2013-ல் ஸ்னாப்சாட்டில் வந்தது. இன்ஸ்டாகிராம் அதை 2016 ஆகஸ்ட் 2-ஆம் தேதி எடுத்துக்கொண்டது. வாட்ஸ்அப் என்று நாம் சொல்லும் புலனத்தில் 2017 பிப்ரவரியில் 'ஸ்டேட்டஸ்' வடிவில் வந்தது. மூன்றிலும் 24 மணி நேரக் கணக்குதான்.

மறைந்துவிடுவது நட்டம் என்று தோன்றலாம். எனக்கு அது வசதி. நிரந்தரமாக நிற்கும் பதிவு என்றால் வெளிச்சம் சரியா, பின்னால் துணிமூட்டை தெரிகிறதா என்று யோசித்து யோசித்துப் போடாமலே விட்டுவிடுவோம். ஸ்டோரியில் பாதி தைத்த துணியைக் காட்டலாம். நாளைக்கு அது இருக்காது, நாளைய வேலை இருக்கும். தொடர்ந்து பார்க்கிறவருக்கு நாம் தினமும் உழைக்கிறோம் என்பது சொல்லாமலே புரிந்துவிடும்.

புலனத்தின் ஸ்டேட்டஸில் இன்னொரு விஷயம் உண்டு. நம் எண்ணை அவர்களும், அவர்கள் எண்ணை நாமும் சேமித்து வைத்திருந்தால்தான் சாதாரணமாக அது கண்ணில் படும். ஆகவே பார்க்கிறவர்கள் தெரிந்தவர்கள். சின்ன ஊரில் இதைவிட நல்ல விளம்பரம் இல்லை. ஆயிரம் முகம் தெரியாதவர்களைவிட, கோயில் திருவிழாவில் நம்மை நேரில் பார்க்கும் எண்பது பேர் போதும். வேலை முடிந்ததும் "என் நம்பரை சேவ் பண்ணிக்குங்க" என்று மறக்காமல் சொல்லிவிடுவேன்.

வேலையைக் காட்டுங்கள்

ஒரு வேலையை ஐந்து துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறேன். முதலில் பிரச்சினை: மேற்குப் பார்த்த ஜன்னல், மாலை வெயில் நேராகத் தொலைக்காட்சியில் விழுகிறது. இரண்டாவது அளவு. மூன்றாவது துணித் தேர்வு. நான்காவது கைவேலை. ஐந்தாவது முடிந்த லங்சிர், எத்தனை நாள் ஆனது, எவ்வளவு செலவானது என்ற விவரத்தோடு.

இந்த ஐந்தில் எனக்கு அதிகம் பதில் வருவது இரண்டாவதற்கு. "ஆறடி ஜன்னலுக்கு ஆறடித் துணி போதாதா?" என்று எல்லோருக்கும் சந்தேகம். அளவு நாடாவை வைத்துக் காட்டுவேன். ஜன்னல் 6 அடி. இரு பக்கமும் அரை அடி கூட்டினால் கம்பி 7 அடி. மடிப்பு அழகாக விழ இரண்டு மடங்கு துணி வேண்டும், 14 அடி. ஓரம் மடிக்கவும் சேர்த்தால் ஏறக்குறைய நாலரை மீட்டர். இதைத் தெரிந்துகொண்டவர் என்னிடமே வர வேண்டும் என்பதில்லை. ஆனால் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவளிடம் கேட்டால் ஏமாற மாட்டோம் என்று பலர் வருகிறார்கள்.

மூன்றாவது துண்டில் இரண்டு துணிகளை அருகருகே வைத்து வாக்கெடுப்பு வைப்பேன். இன்ஸ்டாகிராமில் இந்த வசதி 2017-லேயே வந்துவிட்டது. வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்தது தோற்றுப்போனாலும் நான் தைப்பது அவருடைய தேர்வைத்தான். அதையும் சொல்லிவிடுவேன். வாக்களித்தவர்கள் முடிவைப் பார்க்கத் திரும்ப வருவார்கள்.

படம் எடுப்பதற்குச் சில குறிப்புகள். கைப்பேசியை நெடுக்காகப் பிடியுங்கள். ஸ்டோரியின் வடிவம் 9-க்கு 16. மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எழுத்தைப் போடுங்கள், இல்லாவிட்டால் நம் பெயரும் பதில் பெட்டியும் எழுத்தை மறைத்துவிடும். பலர் ஒலியை அடைத்துவிட்டுப் பார்ப்பார்கள், அதனால் சொல்வதை எழுத்திலும் போடுங்கள். எங்கள் பக்கம் மதியத்துக்குமேல் அடிக்கடி மழை இருட்டிவிடும் என்பதால் துணியின் நிறம் காட்டும் படங்களைக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துவிடுவேன். விளக்கு வெளிச்சத்தில் சாம்பல் நிறம் பழுப்பாகத் தெரிந்து, பிறகு "நான் கேட்ட கலர் இது இல்லையே" என்ற வம்பு வரும். தமிழில் ஒரு வரி, மலாயில் ஒரு வரி எழுதுவதும் நல்லது. தீபாவளிக்கு மட்டுமல்ல, நோன்புப் பெருநாளுக்கும் நமக்கு வேலை உண்டு.

'பி.எம். தெப்பி' வேண்டாம்

அழகான படத்தைப் போட்டுவிட்டு, விலை கேட்டால் 'பி.எம். தெப்பி', அதாவது தனியே வந்து கேளுங்கள் என்று சொல்வது நம் நாட்டில் ஒரு பழக்கமாகிவிட்டது. இது வெறும் பழக்கக் குறை அல்ல. இணையம் வழி விற்பவர் தொழிலின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, முழு விலை, எப்போது கிடைக்கும் என்பனவற்றை வெளிப்படையாகத் தர வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த மின்வணிக விதிமுறைகள் சொல்கின்றன. அவை 2013 ஜூலை முதல் நடப்பில் இருந்தன. 2024 டிசம்பரில் புதிய விதிமுறைகள் அவற்றின் இடத்துக்கு வந்தன.

"எங்கள் தொழிலில் ஒவ்வொரு வீட்டுக்கும் அளவு வேறு, எப்படி விலை போடுவது?" என்று தச்சர் கேட்டார். முடித்த வேலையின் விலையைப் பிரித்துப் போடலாம். நான் இப்படி எழுதுவேன்: 'இந்த 6 அடி ஜன்னலுக்கு, மீட்டர் 40 வெள்ளித் துணி நாலரை மீட்டர், 180 வெள்ளி. தையல் 60. கம்பியும் பொருத்தும் கூலியும் 50. மொத்தம் 290 வெள்ளி.' விலை குறைவாக எதிர்பார்ப்பவர் அங்கேயே விலகிவிடுவார். அழைப்பவர் பேரம் பேச அழைப்பதில்லை, நாள் குறிக்க அழைக்கிறார்.

பதிவு எண்ணுக்குத் தயங்க வேண்டாம். மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இல் தனிநபர் தொழிலாகப் பதிய, சொந்தப் பெயரென்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, தொழிலுக்கு வேறு பெயரென்றால் 60 வெள்ளி. அந்த எண்ணை இன்ஸ்டாகிராமின் ஹைலைட்டில் நிரந்தரமாக வைத்துவிடலாம். அங்கே சேர்க்கும் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறையாது. விலைப்பட்டியல், முடித்த வேலைகள் ஆகியவையும் அங்கே இருக்கட்டும். இன்னொன்று: 'உள்அலங்கார வடிவமைப்பாளர்' என்பது சட்டப்படி கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டிய தொழில். அந்தத் தகுதி இல்லாதவர்கள் செய்யும் வேலையின் பெயரையே போட்டுக்கொள்ளலாம். 'லங்சிர், குஷன், சிறு அலமாரி வேலை' என்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

அது அவர்கள் வீடு

கேக் செய்பவர் காட்டுவது தன் கேக்கை. நாங்கள் காட்டுவது அடுத்தவர் வீட்டை. இந்த வேறுபாட்டை ஒரு வாடிக்கையாளர் எனக்கு நன்றாகப் புரியவைத்தார்.

தாமான் வீடொன்றில் அளவெடுக்கப் போயிருந்தேன். பின்னறை ஜன்னலில் ஸ்பிரிங் கம்பி கட்டி, நைந்த நூல்சேலை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். 'முன்பு, பின்பு' என்று இரண்டு படம் போடுவதுதான் எங்கள் தொழிலில் அதிகம் பார்க்கப்படும் ஸ்டோரி. "அக்கா, இதை ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன்.

"புதுசு போட்ட பிறகு எடுத்துக்குங்க தங்கச்சி. இது எங்கம்மா சேலை. தோட்டத்துல லயத்துல இருந்தப்ப அவங்க கட்டினது. இதைப் போட்டு 'பழசு'ன்னு எழுதினா மனசுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றார்.

1980, 90-களில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, லயத்தை விட்டு வந்து தாமான்களில் குடியேறிய குடும்பங்கள் பேராக்கில் ஏராளம். அவர்கள் கட்டிக்கொண்டு வந்த சாமான்கள் கொஞ்சம்தான். அவற்றில் மிஞ்சியது எது, ஏன் மிஞ்சியது என்பது அந்த வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். 'முன்பு' என்று நாம் ஓரம்கட்டும் படத்தில் ஒருவருடைய அம்மா இருக்கலாம்.

அந்தச் சேலையில் நையாத பகுதியை வெட்டி, பூஜை அறைக்குச் சிறு திரையாகத் தைத்துக் கொடுத்தேன். அதைப் படமெடுத்துப் போடச் சொன்னது அவரேதான். நான் போட்ட ஸ்டோரிகளிலேயே அதிகம் பதில் வந்தது அதற்குத்தான். "எங்கம்மா சேலையும் இருக்கு" என்று அந்த வாரமே மூன்று பேர் எழுதினார்கள். மூவருக்கும் தைத்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து சில விதிகளை எழுதியே வைத்திருக்கிறேன். விலைச்சீட்டின் அடியில் 'படம் எடுக்கலாம், எடுக்க வேண்டாம்' என்று இரண்டு கட்டம். வாடிக்கையாளர் கையால் குறியிட வேண்டும். வீட்டு எண், கார் எண், கேட்டுப் பூட்டு, ஜன்னல் கிரில் அமைப்பு, குடும்பப் படங்கள், பிள்ளைகள் எதுவும் படத்தில் வரக்கூடாது. தாமான் பெயரைக் குறிப்பிடுவதில்லை. வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கும்போது அந்த வீட்டுப் படம் வரவே வராது. வேலை முடிந்து குறைந்தது இரண்டு நாள் கழித்துத்தான் போடுவேன். படம் வேண்டாம் என்று குறியிட்டவர்களின் வேலையைத் தையல் மேசையோடு காட்டி முடித்துக்கொள்வேன்.

முன்பணம் கொடுக்கும்முன்

வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த ஒருவர், கெபினெட்டுக்காக ஒரு பக்கத்தை நம்பி 3,000 வெள்ளி முன்பணம் அனுப்பினார். படங்கள் பிரமாதமாக இருந்தன. அத்தனையும் வேறு யாரோ செய்த வேலைகள் என்பது பணம் போன பிறகுதான் தெரிந்தது.

முடிந்த வேலையின் படத்தை யாரும் திருடலாம். அளவெடுப்பதும், அறுப்பதும், தைப்பதுமாக வாரக்கணக்கில் வரும் ஸ்டோரிகளைத் திருடிக் காட்டுவது எளிதல்ல. ஆகவே ஒரு மாதமாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பட்டறையை நேரில் பார்க்கக் கேளுங்கள். எஸ்.எஸ்.எம். எண்ணைச் சரிபாருங்கள். வேலை, பொருள், தேதி, விலை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஸ்டோரியில் சொன்ன விலையை அப்போதே படமாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் அது இருக்காது.

பணத்தை அனுப்பியதும் மோசடி என்று தெரிந்தால் தாமதிக்காமல் 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மைய எண்ணை அழையுங்கள். வேலையை அரைகுறையாக விட்டவர் மீது பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான இழப்பீட்டைக் கேட்கலாம். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை.

தொழில் தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகள் விலை உயர்ந்த கைப்பேசிக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் கையில் இருக்கும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். ஐந்து துண்டுகளாகக் காட்டுங்கள், கடைசித் துண்டில் விலையைப் போடுங்கள். படம் ஒரு நாளில் மறைந்துவிடும். நாம் தைத்த லங்சிர் அந்த வீட்டு ஜன்னலில் பல வருடம் தொங்கும், வந்து போகிறவர்கள் "யார் தைத்தது?" என்று கேட்கும்போது, வீட்டுக்காரர் தயங்காமல் நம் பெயரைச் சொல்ல வேண்டும்.